கைக்கு வராத 27 லட்சத்துக்கு நான் கட்டிய வரி

2022 ஜனவரி மாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து 9,92,400 ரூபாயை, நான் மூன்று மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்ட ஒரு கம்பெனியின் கணக்குக்கு அனுப்பினேன். பதிலுக்கு அந்தக் கம்பெனியின் 1,500 பங்குகள் என் பெயருக்கு வந்தன. அவற்றை விற்கச் சந்தை கிடையாது, அடகு வைக்கவும் முடியாது. 2024 மார்ச்சில் அந்த 1,500 பங்குகளுக்காக எனக்கு வந்து சேர்ந்த தொகை 57,000 ரூபாய். அந்தப் பணத்துக்காக வாங்கிய கடனுக்கு 2026 ஜனவரி வரை வட்டி கட்டினேன். ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கிற, பார்க்கப் போகிற யாருக்காவது இது உதவும் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு இதையெல்லாம் சொல்ல ஒருவரும் இல்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். 2018 மே மாதம் வால்மார்ட் ஃப்ளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்குகளை 1,600 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. அந்த வாரம் முழுக்க அங்கே வேலை பார்த்தவர்கள் கோடீஸ்வரர் ஆன கதைகள்தான் எல்லாச் செய்தியிலும். நான் அப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தில் இருந்தேன். வயது 31. எனக்கு ஒரு ஸ்டார்ட்அப்பிலிருந்து ஆஃபர் வந்தது சரியாக அந்தச் சமயத்தில். சம்பளம் வருஷத்துக்கு 2 லட்சம் குறைவு. ஆனால் 2,000 ஈசாப். ஹெச்.ஆர். பெண்மணி தன் லேப்டாப்பைத் திருப்பி ஒரு எக்செல் தாளைக் காட்டினார். இன்றைய மதிப்பு 8 லட்சம், கம்பெனி ஐந்து மடங்கு வளர்ந்தால் 40 லட்சம், பத்து மடங்கு வளர்ந்தால் 80 லட்சம். கடைசிக் கட்டத்துக்குப் பச்சை நிறம் அடித்திருந்தார்கள். எனக்கு அந்தப் பச்சைக் கட்டம் மட்டும்தான் கண்ணில் பட்டது. கம்பெனி வளராவிட்டால் என்ன என்று ஒரு வரி அந்தத் தாளில் இல்லை.

ஈசாப் என்பது பங்கு அல்ல. பின்னாளில் ஒரு குறிப்பிட்ட விலைக்குப் பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை, அவ்வளவுதான். அந்தக் குறிப்பிட்ட விலைக்கு எக்சர்சைஸ் விலை என்று பெயர். என் விஷயத்தில் அது 100 ரூபாய். நான்கு வருஷ வெஸ்டிங், வருஷத்துக்கு 500. அதாவது ஒரு வருஷம் வேலை பார்த்து முடித்தால்தான் முதல் 500-க்கு உரிமை வரும். முதல் ஒரு வருஷத்துக்கு எதுவும் வெஸ்ட் ஆகாது என்பது நம் கம்பெனிச் சட்ட விதியிலேயே இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாதது, வேலையை விட்டால் என்ன ஆகும் என்பது. அது ஆஃபர் லெட்டரில் இல்லை. ‘ஈசாப் திட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டது’ என்று ஒரே வரி. அந்த விதிகள் அடங்கிய ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். அதற்குப் பிறகு கேட்டாலும் தருவார்கள், ஆனால் பேரம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நல்ல மனிதர்கள், நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் ‘நாம எல்லாரும் ஒரு குடும்பம்’, ‘நீங்க எல்லாரும் ஓனர்ஸ்’ என்று வாரா வாரம் சொல்லிச் சொல்லி, பணத்தைப் பற்றிக் கேட்பதே துரோகம் என்பது போல ஒரு சூழல் உண்டாகியிருந்தது. ஓனர் என்றால் மொத்தம் எத்தனை பங்கு, அதில் என்னுடையது எத்தனை சதவீதம் என்று கேட்க எனக்கு உரிமை உண்டல்லவா? மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சம்பளத்தைப் பற்றி வாய் திறப்பதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்த வீடு என்னுடையது. என்னைப் போல நிறையப் பேர் இருப்பீர்கள். 2,000 என்ற எண்ணிக்கைக்குத் தனியாக ஓர் அர்த்தமும் கிடையாது. மொத்தம் 2 லட்சம் பங்கு இருந்தால் அது ஒரு சதவீதம். 2 கோடி பங்கு இருந்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

காலையில் எழுந்ததும் முதலில் படிப்பது ஸ்டார்ட்அப் செய்திகளைத்தான். யார் எவ்வளவு நிதி திரட்டினார்கள், யார் யூனிகார்ன், அதாவது 100 கோடி டாலர் மதிப்புள்ள ஸ்டார்ட்அப், ஆனார்கள். 2021-இல் வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. எங்கள் கம்பெனியும் அந்த வருஷ நடுவில் பெரிய தொகை ஒன்றைத் திரட்டியது. பங்கு விலை 2,600 ரூபாய் என்று பேச்சு அடிபட்டது. வெஸ்ட் ஆன 1,500-ஐ 2,600-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 39 லட்சம். மேடவாக்கத்தில் பார்த்து வைத்திருந்த ஃப்ளாட்டுக்கு முன்பணமும் அதற்கு மேலும் ஆயிற்று. என் மனைவியிடம் அந்த எண்ணைப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, மார்ச்சில், கம்பெனி ஒரு பைபேக் அறிவித்தது. வெஸ்ட் ஆன ஈசாப்பில் ஐந்தில் ஒரு பங்கைப் பங்குக்கு 1,100 ரூபாய் என்று அவர்களே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது வெஸ்ட் ஆகியிருந்தது 1,000. 200-ஐக் கொடுத்திருந்தால் எக்சர்சைஸ் விலை போக 2 லட்சம், வரியும் போக சுமார் 1 லட்சத்து 37 ஆயிரம் கையில் வந்திருக்கும். நான் கொடுக்கவில்லை. விலை இன்னும் ஏறும் என்ற நினைப்பு ஒன்று, விற்றால் கம்பெனி மேல் நம்பிக்கை இல்லாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம் இன்னொன்று. அங்கே இருந்த வருஷங்களில் நிஜமான பணம் பார்க்க எனக்கு வந்த ஒரே வாய்ப்பு அதுதான். பைபேக் வந்தால் ஒரு பகுதியையாவது கொடுத்துவிடுங்கள். அதில் விசுவாசம் ஒன்றும் கெட்டுவிடாது. எங்கள் நிறுவனர்களே அந்தச் சுற்றில் கொஞ்சம் விற்றார்கள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

செய்தியில் வருகிற மதிப்பீடு எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முதலீட்டாளர் 100 கோடி கொடுத்து 10 சதவீதம் எடுத்துக்கொண்டால், கம்பெனியின் மதிப்பு 1,000 கோடி என்று எழுதுவார்கள். உண்மையில் கை மாறியது 100 கோடி மட்டும். மீதி 900 கோடி வெறும் பெருக்கல் கணக்கு. அதோடு, அந்த முதலீட்டாளர் வாங்குகிற பங்கு வேறு, நமக்கு வருகிற பங்கு வேறு. அவர்களுடையது முன்னுரிமைப் பங்கு. கம்பெனியை விற்றால் அவர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருந்தால்தான் பொதுப் பங்கு வைத்திருக்கும் நமக்கு. 300 கோடி திரட்டிய கம்பெனியை 300 கோடிக்கு விற்றால், பேப்பரில் ‘300 கோடிக்கு விற்பனை’ என்று வரும், ஊழியர் கைக்கு ஒன்றும் வராமல் போகலாம். இந்த ஒரு பத்தியை 2018-இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் போதும்.

2021 செப்டம்பரில் நான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். காரணம் உடம்பு. இரண்டு வருஷமாக இரவு ஒரு மணிக்கு முன் தூங்கியதில்லை, ரத்த அழுத்தம் வந்துவிட்டது. அதே மாதம் 22-ஆம் தேதி ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. சென்னையில் 2010-இல் தொடங்கிய கம்பெனி. 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள், அதில் 70 பேர் வரை முப்பது வயதுக்குக் கீழே என்று அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னது எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியது. மதுரையிலிருந்து பெரியப்பா போன் செய்து, “உங்க கம்பெனியும் அப்படித்தானேப்பா? அவசரப்பட்டு விட்டுட்டு வராதே” என்றார். அந்தச் செய்தி உண்மை, அந்த ஊழியர்களுக்குக் கிடைத்த பணமும் உண்மை. எங்கள் கதையும் அப்படியே முடியும் என்று நான் நினைத்ததுதான் தப்பு.

கடைசி நாள் அக்டோபர் 29. அன்று சாயங்காலம் ஹெச்.ஆரிடமிருந்து மெயில். வெஸ்ட் ஆகாத 500 ரத்து. வெஸ்ட் ஆன 1,500-ஐ 90 நாளுக்குள் எக்சர்சைஸ் செய்யாவிட்டால், அதாவது எக்சர்சைஸ் விலையைக் கட்டிப் பங்காக வாங்கிக்கொள்ளாவிட்டால், அவையும் ரத்து. நான் 100 ரூபாய் வீதம் ஒன்றரை லட்சம்தானே, கட்டிவிடலாம் என்று நிதானமாக இருந்தேன். டிசம்பர் கடைசியில் கேட்டபோது இன்னொரு தாள் அனுப்பினார்கள். அதில் இருந்த மொத்தத் தொகைதான் 9,92,400. ஏதோ பூஜ்யம் கூடிவிட்டது என்று நினைத்து ஹெச்.ஆருக்குப் போன் செய்தேன். “இல்லை சார், டேக்ஸ் சேர்த்துதான்” என்றார்.

தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் ஓடினேன். அவர் பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். பட்டியலிடாத கம்பெனி என்பதால் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியில் பதிவான மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர் பங்கின் நியாய மதிப்பைக் கணக்கிட்டுத் தர வேண்டும். அவர் தந்த மதிப்பு 1,900. நான் கொடுப்பது 100. வித்தியாசம் 1,800. 1,500 பங்குக்கு 27 லட்சம். இந்த 27 லட்சமும் அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்ந்த வருமானம். 30 சதவீத வரி, அதற்கு மேல் 4 சதவீத செஸ், மொத்தம் 31.2 சதவீதம். 8,42,400. பழைய கம்பெனி இதை என்னிடம் வசூலித்து டிடிஎஸ் கட்டிய பிறகுதான் பங்கைத் தரும். “விக்காத பங்குக்கு எப்படி சார் வரி?” என்று கேட்டேன். “தம்பி, சட்டத்துக்கு நீங்க வித்தீங்களான்றது கணக்கில்லை. 1,900 ரூபா பொருளை 100 ரூபாய்க்கு வாங்கியிருக்கீங்க, அவ்வளவுதான்” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “கட்டணும்னு கட்டாயம் இல்லை. விட்டுடலாம்” என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் அன்று என் காதில் ஏறவில்லை.

ஸ்டார்ட்அப் ஊழியர்களுக்கு இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை 2020 பட்ஜெட்டில் வந்ததே என்று சிலர் கேட்கலாம். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அது எல்லா ஸ்டார்ட்அப்புக்கும் கிடையாது. வருமான வரிச் சலுகைக்கான அரசுச் சான்றிதழ் பெற்ற கம்பெனிகளுக்கு மட்டும். எங்கள் கம்பெனியிடம் அது இல்லை. இருந்தாலும் வேலையை விட்டால் அந்தச் சலுகை முடிந்துவிடும். என்னைப் போல வேலையை விடும்போது எக்சர்சைஸ் செய்கிறவர்களுக்கு அதனால் பயனில்லை.

வீட்டில் அன்றிரவு நடந்த பேச்சு இன்னும் நினைவில் இருக்கிறது. மனைவி தோசை மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “ஏங்க, பத்து லட்சம் கட்டுனா எப்ப திரும்பி வரும்?” என்றாள். ஐ.பி.ஓ. வந்தால், அதாவது கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தால் என்றேன். “எப்ப வரும்?” தெரியாது. “வராட்டி?” அதற்கு நான் 39 லட்சத்தை விட்டுவிடச் சொல்கிறாயா என்று கத்தினேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. மகளுக்காகப் போட்டிருந்த டெபாசிட்டை உடைத்தேன். மீதிக்கு 7 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 48 மாதம், இஎம்ஐ 19,129. அவளுடைய கேள்விகள் மூன்றும் சரியான கேள்விகள். பதில் தெரியாத எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2019 ஜூனில் முதல் 500 வெஸ்ட் ஆனபோது பங்கின் நியாய மதிப்பு 310 ரூபாய். அப்போதே எக்சர்சைஸ் செய்திருந்தால் வித்தியாசம் 210, வரி 32,760. அதே 500-க்கு 2022-இல் நான் கட்டிய வரி 2,80,800. வெஸ்ட் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதில் இந்த லாபம் உண்டு. கம்பெனி முழுகினால் அந்தப் பணமும் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் போவது சிறிய தொகையாக இருக்கும். பகுதி பகுதியாக எக்சர்சைஸ் செய்ய விதி அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். 1,500-இல் 300 மட்டும் எடுத்திருந்தாலும் எனக்கு 2 லட்சத்துக்குள் முடிந்திருக்கும். முழுதாக எடுக்க வேண்டும் அல்லது முழுதாக விட வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். 90 நாள் என்பதும் சட்டம் அல்ல, கம்பெனி வைத்துக்கொண்ட விதி. வேலையை விட்ட பிறகும் சில வருஷங்கள் அவகாசம் தருகிற கம்பெனிகள் இருக்கின்றன.

2022-இல் முதலீடு வற்றிப்போனது உங்களுக்குத் தெரியும். 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வெளியிட்ட பேடிஎம் பங்கு முதல் நாளிலேயே கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கே 2022 கடைசியில் வெளியீட்டு விலையான 36 டாலரில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு. பழைய நண்பர்கள் போனை எடுப்பதைக் குறைத்தார்கள். நான் தினமும் கம்பெனி பெயரைக் கூகுளில் தேடிக்கொண்டிருந்தேன். செய்தி வராத நாளில் நிம்மதியாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

2023-இல் ஒரு நண்பன் சொல்லித்தான் தெரிந்தது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனியின் பொது ஆவணங்களையும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து கட்டினேன். வரவு செலவுக் கணக்கு, பங்குகள் ஒதுக்கிய விவரம், சங்க விதிகள் (கம்பெனி நடக்க வேண்டிய முறையையும் பங்குதாரர் உரிமைகளையும் சொல்லும் ஆவணம்) என்று வரிசையாக பிடிஎஃப். நஷ்டம் மூன்று வருஷமாக ஏறியிருந்தது. சங்க விதிகளில், 60 பக்கம் தாண்டி, முதலீட்டாளர்கள் போட்ட முழுத் தொகையையும் முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை தெளிவாக எழுதியிருந்தது. பெரும்பான்மையினர் விற்க முடிவு செய்தால் சிறு பங்குதாரரும் அதே விலைக்கு விற்றாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. இந்த விதிகளெல்லாம் நான் பணம் கட்டுவதற்கு முன்பே அங்கே இருந்தவை. 9,92,400 ரூபாய் அனுப்புவதற்கு முன் 100 ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். ஆஃபர் கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். புரியாவிட்டால் கம்பெனிச் சட்டம் படித்த ஒரு கம்பெனி செக்ரட்டரியிடம் காட்டுங்கள்.

2024 பிப்ரவரியில் மெயில் வந்தது. கம்பெனியை இன்னொரு நிறுவனம் வாங்குகிறது, பொதுப் பங்குக்கு 38 ரூபாய், பத்து நாளில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அன்று செய்தித்தளங்களில் நிறுவனர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். ‘புதிய அத்தியாயம்’ என்று தலைப்பு. நான் அலுவலகக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வட்டி 2 லட்சத்து 18 ஆயிரத்தையும் சேர்த்தால் 11 லட்சத்து 53 ஆயிரம் போயிற்று. குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்த வருஷங்களை இதில் சேர்க்கவில்லை.

வரிக் கணக்கில் ஒரு விஷயம் மிச்சம். நான் வரி கட்டிய 1,900 ரூபாய்தான் பங்கின் வாங்கிய விலை. 38-க்கு விற்றதால் குறைந்தபட்சம் 27 லட்சத்து 93 ஆயிரம் மூலதன நஷ்டம். இதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. கட்டிய 8 லட்சம் வரி திரும்பாது. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்டகால நஷ்டம், நீண்டகால மூலதன ஆதாயத்தில் மட்டும் எட்டு வருஷம் வரை கழிக்கலாம். அதற்கும் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். மனம் வெறுத்து அந்த வருஷம் தாமதமாகத் தாக்கல் செய்த நண்பர் ஒருவருக்கு அந்த உரிமையும் போய்விட்டது. நஷ்டம் வந்த வருஷத்தில்தான் ரிட்டர்னை நேரத்தோடு போட வேண்டும்.

ஸ்டார்ட்அப்பில் சேராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போன மாதம் அக்கா மகன் பெங்களூரிலிருந்து ஆஃபர் லெட்டரை அனுப்பி, “மாமா, 3,000 ஈசாப் தர்றாங்க, சேரலாமா?” என்று கேட்டான். இருவரும் சேர்ந்து அவர்களுக்கு ஒரு மெயில் எழுதினோம். மொத்தப் பங்குகள் எத்தனை? மெர்ச்சன்ட் பேங்கர் கடைசியாகத் தந்த நியாய மதிப்பு என்ன? முதலீட்டாளர்களின் முன்னுரிமைத் தொகை எவ்வளவு? வேலையை விட்டால் எத்தனை நாள் அவகாசம்? நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டாவது கேள்விக்கும் நான்காவது கேள்விக்கும் மட்டும். அவகாசம் 90 நாள். மற்றவை ரகசியமாம். அவன் ஈசாப்பில் பாதியைக் குறைத்துக்கொண்டு சம்பளத்தில் ஒன்றரை லட்சம் கூட்டித் தரக் கேட்டிருக்கிறான். ஒரு லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை சேருகிறான்.